மண்டைக்காட்டுக்குப் போய் வந்த கம்பு

குழித்துறையிலிருந்து நாகர்கோவில் இருபது மைல். பஸ் கட்டணம் பன்னிரண்டு அணா. வழியில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். 1953-ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமையன்று எனக்கு அந்த இருபது மைலுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தனியாகப் போயிருந்தால் ஆகியிருக்காது. பதின்மூன்று அடி நீளமுள்ள ஒரு மூங்கில் கம்பைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. விளையாட்டுக்கும் எனக்கும் வெகு தூரம். மனைவிக்குக் குழித்துறை, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். அவளைப் பார்க்க நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை, தந்தி வந்தது. பிரசவ வீட்டில் தந்தி என்றதும் அக்கம்பக்கமே கூடிவிட்டது. பிரித்துப் படித்தால், கல்லூரிக் கம்பு கீறல் விட்டுவிட்டது, என் கம்பை நாளை மதியம் ஒரு மணிக்குள் அனுப்பவும் என்று இருந்தது. அனுப்பியவன் என் மச்சினன் ஜெபமணி.

ஜெபமணி நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஓட்டம், தாண்டல், எறிதல் என்று பத்துப் போட்டிகளை இரண்டே நாளில் ஒரே ஆள் செய்து முடிக்கிற ‘டெகாத்லான்’ என்ற ஒன்று உண்டாம். அதற்கான அகில இந்தியப் போட்டிக்கு ராஜ்யத்தின் சார்பில் ஒரே ஒரு மாணவனைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தார்கள். தேர்வு அந்தச் சனிக்கிழமை, கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயத்தோடு சேர்த்து. நிபந்தனை இதுதான்: ஓட்டத்தில் ஒன்று, தாண்டலில் ஒன்று, எறிதலில் ஒன்று, மூன்றை மாணவனே எடுத்துக்கொள்ளலாம். முதலாவது வந்தால் ஐந்து புள்ளி, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டுத் தொகை அதிகமுள்ளவன் போவான்.

மற்றவர்கள் நூறு மீட்டர், நீளத் தாண்டல் என்று தோதாகச் சேரக்கூடியவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இவன் பிடித்தது குண்டு எறிதல், கம்பு ஊன்றித் தாண்டுதல், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். குண்டு எறிகிறவனுக்கு உடம்பு வேண்டும், ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவனுக்கு உடம்பே இருக்கக்கூடாது. இந்த மூன்றையும் ஒரே இலையில் பரிமாறிப் பார்த்தவர்கள் யாரும் இல்லையாம். பொங்கல் லீவில் நான் காரணம் கேட்டபோது, பத்திலும் எல்லாரும் பயப்படுவது இந்த மூன்றுக்குத்தான், அதை முதலில் முடித்துவிட்டால் மற்றது தானாக வரும் என்றான். கம்பை அவனே திற்பரப்புப் பக்கம் தேடி வெட்டி, ஒரு வருஷம் அடுக்களைப் புகையில் காயவைத்து, நல்லெண்ணெய் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தான். லீவு நாட்களில் ஆற்று மணலில் அதை ஊன்றித் தாண்டுவதைக் குளிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மாமனாருக்குக் கடையை விட்டு நகர முடியாத சந்தை நாள். ஆகவே கம்பு என் தோளில் ஏறியது. அடையாளத்துக்காக என் மனைவி தன் பழைய நீலச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து அதன் நடுவில் கட்டிவிட்டாள்.

காலை ஆறு மணிக்குப் பஸ் நிற்குமிடத்துக்குப் போய்விட்டேன். நாகர்கோவில் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. கண்டக்டர் என்னை ஒரு முறையும் கம்பை இரண்டு முறையும் பார்த்தார்.

“சாரே, இது பஸ்ஸாக்கும். தடி கொண்டு போற லாறி இல்ல.”

பந்தயம், தேர்வு, புள்ளி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் விசிலை ஊதினார். அடுத்து வந்த பஸ்ஸிலும் இதே கதை. நல்ல வேளையாக, ஆறே முக்காலுக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போகும் தனி பஸ் ஒன்று வந்தது. உள்ளே முழுக்கப் பெண்கள். தலையில் இருமுடி, கையில் பொங்கல் பானை. மேலே ஏற்கெனவே பந்தல் மூங்கில் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. தக்கலை வரை வாருங்கள், அங்கே சாமான் ஏற்றும் மெது பஸ் ஒன்று உண்டு, கம்பை இறக்கித் தருகிறேன் என்றார் அந்தக் கண்டக்டர். ஏழு அணா கொடுத்து ஏறிக்கொண்டேன்.

தக்கலை ஒன்பது மைல். வழி நெடுக மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும் வாழையும் தென்னையும், நடுநடுவே தாமரை மூடிய குளங்களும். எங்கள் பக்கத்துக் கருவேலங்காட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்வளவு பச்சை கொஞ்சம் அதிகப்படிதான். பெண்கள் ‘அம்மே நாராயணா, தேவி நாராயணா’ என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவனான நான் சன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். வழியில் பஸ் ஒரு தடவை குலுங்கி நின்றது. மேலே கயிறு அறுந்து மூங்கில்கள் சரிந்துவிட்டனவாம். இரண்டு பேர் ஏறி எதையோ வைத்துக் கட்டிவிட்டு இறங்கினார்கள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழு நாற்பதுக்குத் தக்கலை. மேலிருந்து ஒரு மூங்கிலை இறக்கினார்கள். நடுவில் நீலத் துணி. தோளில் வாங்கிக்கொண்டேன், மண்டைக்காட்டு பஸ் போய்விட்டது. காலையில் இருந்ததைவிடக் கனம் கூடியிருந்தது தெரியத்தான் செய்தது. தோள் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாயாக் கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு, மெது பஸ்ஸில் ஏற்றச் சொல்லிக் கொடுத்தபோது சுமைக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“பச்ச மூங்கிலாக்கும் சாரே. பந்தலுக்கா?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அறுந்த கயிற்றுக்குப் பதிலாக என் மனைவியின் சேலைத் துண்டை அவிழ்த்து மூங்கில்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இறக்கும்போது ஓரத்து மூங்கிலோடு துணி வந்துவிட்டது. பத்து வருஷமாகக் கச்சேரியில் காகிதத்தைப் படிக்காமல் முத்திரையை மட்டும் பார்த்துப் பழகியவன் நான். இங்கேயும் துணியைப் பார்த்தேன், கம்பைப் பார்க்கவில்லை. எண்ணெய் மினுக்கு எங்கே, பிடிக்குச் சுற்றியிருந்த ஒட்டுத்துணி எங்கே, ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் ஒரு வருஷம் புகையில் போட்டு வளர்த்த கம்பை ஒரு மணி நேரம் காக்க எனக்குத் துப்பில்லை. வெட்கத்தில் அந்தப் பச்சை மூங்கிலையும் தூக்கிக்கொண்டே அடுத்த மண்டைக்காட்டு பஸ்ஸில் ஏறினேன்.

தக்கலையிலிருந்து திங்கள்நகர் ஐந்து மைல், அங்கிருந்து மண்டைக்காடு மூன்று மைல். கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. ஒன்பதே முக்காலுக்குக் கடல் சத்தம் கேட்டது. கோயிலைச் சுற்றிப் பொங்கல் அடுப்புப் புகை. எத்தனை பந்தல், எத்தனை மூங்கில்! ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நடந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அரை மணி நேரம் கழித்துக் கண்டேன். அருமனை ஊர்க்காரர்கள் போட்டிருந்த கஞ்சிப் பந்தலின் முகப்பில், மஞ்சளும் குங்குமமும் பூசி, நுனியில் சிவப்புப் பட்டு கட்டி, நிமிர்ந்து நின்றது ஜெபமணியின் கம்பு. மற்ற மூங்கில்களைக் கூரைக்குப் போட்டுவிட்டு இதை மட்டும் கொடிமரம் ஆக்கியிருந்தார்கள்.

பந்தலுக்குப் பொறுப்பு செல்லம்மை என்ற அம்மாள். வயது நாற்பத்தைந்து இருக்கும், வாழைக்குலை வியாபாரம். காலையில் நான் வந்த பஸ்ஸில்தான் அவரும் வந்திருந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கேட்பாரில்லாமல் இத்தனை நேரான கம்பு பஸ் மேல் வந்ததும், யாரோ பெயர் சொல்லாமல் அம்மனுக்கு நேர்ந்து விட்டிருக்கிறார்கள் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்களாம். அந்தப் பக்கத்தில் அப்படி விடுகிற வழக்கம் உண்டு. மஞ்சள் பூசி ஏற்றிய கொடி பத்தாம் நாள் கொடை முடிகிறவரை இறங்காது, அதுவும் வழக்கம். வழக்கத்துக்கு முன்னால் என் கச்சேரி வாதமெல்லாம் எடுபடவில்லை. வேறு கம்பு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்படியானால் அதையே பையனிடம் கொடுங்கள் என்றார்.

நான் பந்தல் கால் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிண்ணம் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்த செல்லம்மை, பையன் அந்தக் கம்பை வைத்து என்னதான் செய்வான் என்று கேட்டார். ஓடி வந்து, ஊன்றி, அதைப் பிடித்தபடியே மேலே போய், குறுக்குக் கழிக்கு அந்தப் பக்கம் விழுவான் என்றேன்.

“எம்பிடு உயரம் மக்களே?”

பத்தடி என்றேன். அவர் அண்ணாந்து பந்தலின் குறுக்கு மூங்கிலைப் பார்த்தார். அது ஒன்பது அடிதான் இருக்கும்.

“இதுக்கும் மேல கூடியா போவான்? ஒரு மனுசன்?”

“போவான் அக்கா. நானே பார்த்திருக்கேன்.”

அவர் மற்றப் பெண்களிடம் போய்ப் பேசினார். ஒருவரும் சத்தம் போடவில்லை. தலைகள் மட்டும் ஆடின. பதினொரு மணிக்குத் தீர்ப்பு வந்தது.

“கொடி எறங்கப்பிடாது. ஆனா அம்மைக்க கொடி ஊருசுத்திப் போவலாம். நாங்களும் கூட வாறோம். சாயங்காலம் தீவாராதனைக்கு முன்ன திரும்பி வந்து நிக்கணும். பட்டக் கம்ப விட்டு எடுக்கப்பிடாது. சம்மதமா?”

சம்மதம் என்றேன். அவர் காலில் விழாத குறை.

பந்தலுக்குப் பூசணிக்காய் வாங்க நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு ஒரு லாரி போவதாக இருந்தது. அது கிளம்பப் பன்னிரண்டு ஆயிற்று. கம்பைப் படுக்க வைக்காமல் சாய்த்துப் பிடித்தபடி செல்லம்மையும் நாலு பெண்களும் பின்னால் நின்றார்கள். நானும் நின்றேன். மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல், வெள்ளிச்சந்தை, ஆசாரிப்பள்ளம் என்று பன்னிரண்டு மைல் சொச்சம். ஊர் தோறும் ஆட்கள் கொடியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. மைதானத்து வாசலில் இறங்கும்போது மணி ஒன்று இருபது.

ஜெபமணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். உதட்டில் ரத்தமே இல்லை. காலையில் குண்டு எறிதலில் மூன்றாவது; இரண்டு புள்ளி. திருவனந்தபுரத்து மாணவன் ஒருவன் நூறு மீட்டரிலும் நீளத் தாண்டலிலும் முதலாவது வந்து, வட்டு எறிதலில் நாலாவதும் வந்து, பதினொரு புள்ளியோடு நிழலில் உட்கார்ந்திருந்தான். இனி ஜெபமணி தாண்டலிலும் ஓட்டத்திலும் முதலாவதாக வந்தால்தான் பன்னிரண்டு. இரண்டாவது வந்தால்கூடப் போச்சு.

ஒரு மணிக்குள் அனுப்பச் சொன்னேனே என்று அவன் வாய் திறப்பதற்குள் செல்லம்மை முந்திக்கொண்டார்.

“ஒங்க அத்தான ஒண்ணும் சொல்லாதியும். அம்மைக்குக் கொடி வேணும்னு நாந்தான் கேட்டு வாங்கினேன். இப்பம் கடனாக் கொண்டு வந்திருக்கோம்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் பாட்டுப் பாடுகிற பையன், மஞ்சளும் குங்குமமும் பூசிய கம்பை என்ன செய்வானோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். சிவப்புப் பட்டைத் தன் கையாலேயே பிடியின்மேல் இறுக்கிச் சுற்றினான். மஞ்சள் பொடியில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டான். வேர்வையைக் குடித்துவிடுகிறது, பிடி நன்றாக இருக்கிறது என்றான். வேறொரு கல்லூரி ஆசிரியர் பட்டைப் பார்த்து ஆட்சேபித்தார். நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பிடியில் துணி சுற்றலாம் என்று இருக்கிறது, என்ன நிறம் என்று இல்லை என்றார்.

இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஐந்து பேர். ஒன்பதடியில் இரண்டு பேர் தோற்று வெளியே போனார்கள், ஒன்பதரையில் ஒருவன். பத்தடியை ஜெபமணி முதல் தடவையிலேயே தாண்டினான். மற்றவன் மூன்று தடவையும் கழியைத் தட்டிவிட்டான். போட்டி முடிந்துவிட்டது, ஆனாலும் இன்னும் மூன்று அங்குலம் ஏற்றச் சொன்னான். கம்பு ஊன்றியது, வளைந்தது, அவன் கால் வானத்துக்குப் போயிற்று, சிவப்புப் பிடியை விட்ட கை இரண்டும் மேலே நின்றன. கழி அசையவில்லை. செல்லம்மை வாயில் கை வைத்துக்கொண்டிருந்தார். பந்தலுக்கு மேலே போவான் என்று நான் சொன்னதை அவர் அதுவரை நம்பவில்லை என்று அப்புறம் ஒப்புக்கொண்டார்.

நாலு மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு. மற்றக் கல்லூரிகளுக்குக் கத்த ஆள் இருந்தது, பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளூரானாலும் இவனுடைய கல்லூரி சனிக்கிழமை லீவில் காலியாகிவிட்டதால் வந்தவர்களே மொத்தம் ஆறு பேர், அதில் இரண்டு பேருக்குக் கால் சுளுக்கு. கோட்டில் நின்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஈர்க்குச்சிகள். நடுவில் இவன், குண்டு எறிகிற தோளோடு. கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது. மூன்றே முக்கால் சுற்று. முதல் சுற்றில் கடைசிக்கு முந்தியவன். இரண்டாவதில் ஐந்தாவது. மூன்றாவது சுற்று முடியும்போது மூன்றாவதாக வந்துவிட்டான், ஆனால் முன்னால் போகிற இருவருக்கும் இவனுக்கும் இருபது கஜம் இருந்தது, முகம் சுண்டிவிட்டது. எங்களைத் தாண்டிப் போகும்போது அவன் மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் கேட்டது. அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

செல்லம்மை எத்தனை சுற்று பாக்கி என்று என்னைக் கேட்டார். இதுதான் கடைசி, ஒரு சுற்றுகூட முழுசாக இல்லை என்றேன். அவர் எழுந்து நின்றார். கம்பை நட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டார். நாலு பெண்களும் எழுந்தார்கள். பிறகு நாக்கைச் சுழற்றி எழுப்பும் குரவை கிளம்பியது. கல்யாணத்திலும் கொடையிலும் கேட்டிருக்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் கேட்டதில்லை. ஐந்து பெண்களின் குரவை அந்த மைதானத்துச் சத்தம் முழுவதையும் அடக்கிவிட்டது. ஒருவர் மூச்சு முடிகிற இடத்தில் அடுத்தவர் எடுத்தார். நடுவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கோடி வளைவில் ஜெபமணியின் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன். ஒருவனைத் தாண்டினான். நேர்ப் பாதைக்கு வந்தபோது மற்றவனுக்கும் இவனுக்கும் மூன்று கஜம். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். நூலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு கீழே விழுந்தவன் என் மச்சினன்.

பன்னிரண்டு புள்ளி. நான் அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பரிசு வாங்கியதும் அவன் செய்த முதல் காரியம், கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டதுதான். ஐந்து மணிக்குப் பூசணிக்காய் மேல் உட்கார்ந்து எல்லாருமாக மண்டைக்காடு திரும்பினோம். தீபாராதனை மணி அடிப்பதற்குக் கால் மணி முன்னால், பட்டைப் பிடியிலிருந்து நுனிக்கு மாற்றிக் கட்டி, அவனே அதைக் குழியில் நிறுத்தினான். செல்லம்மை மண்ணை மிதித்து இறுக்கினார். கஞ்சிக்கு வந்து நின்ற பெண்களிடம், “பத்தடி மூணு அங்குலம் தாண்டின கம்பாக்கும் இது” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கொடை முடிகிறது. புதன்கிழமை ஜெபமணி வந்து கம்பை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து எனக்குத் திருநெல்வேலி பஸ். ஜெபமணி வழியனுப்ப வந்திருந்தான். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்: செல்லம்மை கேட்டு வாங்கவில்லை, நான்தான் கம்பு தெரியாமல் மாற்றி எடுத்தேன்.

“தெரியும் அத்தான். பந்தலுக்குப் பொறத்த ஒரு பச்ச மூங்கிலு கெடந்துது. அதில அக்காக்க நீலச் சேல.”

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?”

அவன் பஸ்ஸின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நீங்க சரியா எடுத்திருந்தா கம்பு மட்டுந்தானே வந்திருக்கும்? கடைசி ரவுண்டுல எனக்குக் கம்பா வேணும்?”

பஸ் கிளம்பிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் பச்சை நின்று, எங்கள் ஊர்ச் சிவப்பு மண் ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் தினம் ஒரு மைதானத்தைக் கடந்துதான் கச்சேரிக்குப் போகிறேன். ஒரு நாள்கூட அங்கே நின்று பார்த்ததில்லை. இனி நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், வள்ளியூருக்கு டிக்கெட் எடுத்தவர். என் நகங்களில் இன்னும் மஞ்சள் போகாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார். ஆமாம், என் மச்சினன் கம்பு ஊன்றித் தாண்டுகிறவன் என்று தொடங்கினேன். வள்ளியூர் வந்து கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டும், கடைசிச் சுற்று முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.